நான் அடைத்த வெளிக்காற்றுக் கதவு

மார்கழி பிறந்துவிட்டால் ஓசூரில் கார் ஒர்க்‌ஷாப் போன்கள் காலை ஆறரைக்கே அடிக்கத் தொடங்கிவிடும். "முன்கண்ணாடி உள்பக்கம் ஒரே ஆவியா படியுதுங்க. துடைக்கத் துடைக்க வருது. ரோடே தெரியல, என்ன பண்றது?" ஆள் மாறினாலும் கேள்வி மாறாது. முப்பது வருடத்துக்கு மேல் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவன் நான். ஏசி மெக்கானிக்காகச் சேர்ந்து, அதே ஒர்க்‌ஷாப்பில் சீனியர் டெக்னீஷியனாக ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. வாடிக்கையாளர்கள் எனக்கு வைத்த பெயர் 'ஆவி சிவராஜ்'. நான் பேய் ஓட்டுகிறவன் என்று நினைத்து என் மனைவியிடம் விசாரித்தவர்களும் உண்டு.

போன கார்த்திகையில் ஷோபனா போன் செய்தார். இப்போது அங்கே சர்வீஸ் அட்வைசராக இருக்கும் பெண்.

"அண்ணா, குளிர் காலத்துல கண்ணாடியில ஆவி படியறதைப் பத்தி கஸ்டமருக்கு ஒரு பக்கம் நோட்டீஸ் குடுக்கலாம்னு இருக்கோம். எழுதித் தர்றீங்களா?"

"புது வண்டியில எல்லாம் ஒரு பட்டனை அழுத்துனா அதுவே பாத்துக்குதேம்மா. நோட்டீஸ் எதுக்கு?"

"பழைய வண்டிக்காரங்க இன்னும் உங்க பேரைக் கேட்டுக்கிட்டு வர்றாங்கண்ணா. ரிட்டயர் ஆயிட்டாருன்னா நம்ப மாட்டேங்கறாங்க."

யாராவது புகழ்ந்தால் எனக்குத் தலைகால் புரியாது. அன்று மாலையே பேனாவும் தாளுமாக உட்கார்ந்துவிட்டேன். வேலையில் இருந்தபோது எல்லாரிடமும் முதலில் என்ன சொல்வேனோ அதையே முதல் வரியாக எழுதினேன்: 'கண்ணாடியில் ஆவி படிவது பெரும்பாலும் வண்டியின் கோளாறு அல்ல, ஓட்டுபவரின் கவனக்குறைவு.' அதோடு கை நின்றுவிட்டது. இந்த வார்த்தைகளை ஒரு பெண்ணின் முகத்துக்கு நேராக நான் சொன்ன நாள் ஞாபகத்துக்கு வந்தது. தாளைக் கிழித்துப் போட்டேன். நோட்டீசை அடுத்த வாரம் வேறு மாதிரி எழுதிக் கொடுத்தாயிற்று. அதில் எழுத முடியாததை இங்கே எழுதுகிறேன்.

நான் தொழில் கற்ற கதையில் பெரிதாக ஒன்றும் இல்லை. கிருஷ்ணகிரி பக்கத்துக் கிராமத்தில் கூலி வேலை செய்த குடும்பம். ஐடிஐ முடித்தேன், இரண்டு வருடம் ஃபிரிட்ஜ் ரிப்பேர் பார்த்தேன், கொஞ்ச நாள் ஸ்டாஃப் பஸ்களில் வேலை, பிறகு நெடுஞ்சாலை ஓரத்து இந்த ஒர்க்‌ஷாப். கார் ஓட்டக் கற்றுக்கொள்வதற்கு முன்பே காரின் டேஷ்போர்டைப் பிரித்துப் போடக் கற்றுக்கொண்டுவிட்டேன்.

எங்கள் ஒர்க்‌ஷாப் மேனேஜர் நாராயணப்பா சார். அவருக்குத் தாய்மொழி கன்னடம். எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து தினமும் ஸ்கூட்டரில் ஜூஜுவாடி வழியாக வருவார். முழுக்கைச் சட்டை, அதுவும் வெள்ளை. கிரீசும் ஆயிலும் ஓடுகிற இடத்தில் அந்தச் சட்டையில் ஒரு கறையை நான் பார்த்ததில்லை. சத்தம் போட்டுப் பேச மாட்டார். தப்பு செய்தவனைப் பக்கத்தில் கூப்பிட்டு, "ஏன்ப்பா, இப்படி ஏன் ஆச்சு?" என்று உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலக் கேட்பார். அதற்கு நாலு அறை வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்கும்.

கண்ணாடி ஆவிப் புகாரோடு ஒரு வண்டி வந்தால் அவர் போனெட்டைத் திறக்க மாட்டார். முதலில் உள்ளே ஏறி உட்காருவார். கதவைச் சாத்திக்கொண்டு கண்ணை மூடி இரண்டு நிமிடம். நாங்கள் வெளியே நின்று, "சாரு பூஜையில இருக்காரு" என்று கிண்டல் செய்வோம். அவர் பார்ப்பது வாசனையை. இனிப்பாக ஒரு வாசனை வந்தால் ஹீட்டரில், எஞ்சினைக் குளிர்விக்கிற கூலன்ட் திரவம் கசிகிறது. ஊறின துணி வாடை வந்தால் கால்மிதிக்கு அடியில் தண்ணீர் தங்கியிருக்கிறது. இறங்கியதும் கால்மிதியைத் தூக்கி, கீழே உள்ளங்கையை வைத்து அழுத்துவார். கண்ணாடியில் விரலால் ஒரு கோடு போட்டு, ஆவி உள்பக்கமா வெளிப்பக்கமா என்று பார்ப்பார். வைப்பருக்குக் கீழே காற்று நுழைகிற சல்லடையில் இலைச் சருகு அடைத்திருக்கிறதா என்று பார்ப்பார். ஓட்டுகிறவரிடம் கேட்பார்: எத்தனை பேர் ஏறுவீங்க, ஈரக் குடையை உள்ள போடுவீங்களா, டேஷ்போர்டுல சாமிக்கு ஊதுபத்தி ஏத்துவீங்களா? இந்தக் கடைசிக் கேள்விக்கு எல்லாரும் முழிப்பார்கள். ஊதுபத்திப் புகை கண்ணாடியின் உள்பக்கம் மெல்லிய படலமாகப் படியும். அதில்தான் ஆவி அப்பிக்கொள்ளும்.

கடைசியாக லீவர். இதற்கு மட்டும் என்னைக் கூப்பிடுவார்.

"சிவராஜு, லீவரைத் தள்ளு. கண்ணால பாக்காத, காதால கேளு."

பழைய வண்டிகளில் டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் உள்ளங்கை அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் கதவு இருக்கும். லீவரிலிருந்து போகும் ஒரு கம்பி அதை இழுக்கும். ஒரு பக்கம் சாய்ந்தால் வெளிக்காற்று உள்ளே வரும். மறுபக்கம் சாய்ந்தால் வண்டிக்குள் இருக்கும் காற்றே சுற்றிச் சுற்றி வரும். உள்காற்று ஓடும்போது, காற்றை ஊதும் ப்ளோயரின் சத்தம் கரகரவென்று பெரிதாகக் கேட்கும். வெளிக்காற்றுக்குத் தள்ளியதும் அது தணிந்து மெலியும். "சத்தம் மாறலைன்னா கதவு தொறக்கல. அஷ்டே," என்பார். அவ்வளவுதான் விஷயம் என்று அர்த்தம்.

அவ்வளவேதான் விஷயமும். மூடின வண்டிக்குள் நாலு பேர் மூச்சு விட்டால் அந்த ஈரம் எங்கே போகும்? குளிர்ந்து கிடக்கும் கண்ணாடியில் போய் ஒட்டும். இட்லிப் பானை மூடியின் உள்பக்கம் தண்ணீர் கோத்துக்கொண்டு நிற்பதில்லையா, அது போல. ஆகவே வெளிக்காற்றைத் திற, காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பு, கொஞ்சம் சூடு வை, ஏசியையும் போடு. இதைச் சொன்னதும், "குளிர்ல எவனாவது ஏசி போடுவானா?" என்று சிரிக்காத ஆளே கிடையாது. ஏசி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிவிடும் என்று விளக்கி விளக்கி என் தொண்டை காய்ந்ததுதான் மிச்சம். சின்ன வண்டிகள் ஏசியோடு மேடு இழுக்காது. அப்போது ஏசியை அணைத்துக்கொள்ளலாம், ஆனால் வெளிக்காற்று லீவரை மட்டும் மாற்றக்கூடாது. கையால் துடைக்கக்கூடாது. புகையிலை தேய்க்கிறேன், உருளைக்கிழங்கை வெட்டித் தேய்க்கிறேன் என்று வந்த லாரி டிரைவர்களோடு நான் சண்டையே போட்டிருக்கிறேன்.

நாராயணப்பா சாருக்கு இன்னொரு விதி இருந்தது. செய்த வேலையை ஜாப் கார்டில் எழுத வேண்டும். எழுத முடியாத வேலையைச் செய்யவே கூடாது. நான் மீறியது இதைத்தான்.

எங்கள் பகுதியில் கிரானைட் அறுக்கிற பட்டறைகளும் ஜல்லி உடைக்கிற கிரஷர்களும் ஏராளம். அந்தப் பக்கம் போய் வரும் கார்களில் டேஷ்போர்டு, சீட்டு, சட்டைக் காலர் எல்லாம் வெள்ளைத் தூசி. "எவ்வளவு துடைச்சாலும் மறுநாள் மாவு மில்லு மாதிரி ஆயிடுதுப்பா" என்று ஒரு பட்டறை முதலாளி அலுத்துக்கொண்டார். ஜன்னலை மூடினாலும் தூசி வருகிறதென்றால் அந்த வெளிக்காற்றுக் கதவு வழியாகத்தான் வருகிறது. லீவரை உள்காற்றில் வையுங்கள் என்று சொன்னால் போதும். ஆனால் டிரைவர்கள் மாற்றிவிடுகிறார்கள் என்றார். நான் என் சாமர்த்தியத்தைக் காட்டினேன். லீவரின் கம்பியைக் கதவிலிருந்து கழற்றினேன். கதவை உள்காற்றுப் பக்கம் சாய்த்து ஒரு கட்டுக்கம்பியால் முடிச்சுப் போட்டேன். சந்தில் நீல ஸ்பாஞ்சை வெட்டி அடைத்துப் பசை தடவினேன். லீவர் பழையபடி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வழுக்கிக்கொண்டு போகும், கதவு மட்டும் அசையாது. ஒரு துளித் தூசி வராது.

அதற்குத் 'தூசிக் கட்டு' என்று பெயர் வைத்தவனும் நான்தான். ஒருவர் சொல்லி ஒருவர் வந்தார்கள். சார் சாப்பிடப் போகிற அரை மணி நேரத்தில் முடித்துவிடுவேன். அதற்காக யாரிடமும் ஒரு டீ கூட வாங்கியதில்லை. "சிவராஜ் கை வச்சா தூசி எட்டிப் பாக்காது" என்று சொல்வார்களே, அது போதும் எனக்கு. வண்டிக் கம்பெனி அனுமதிக்காத வேலை என்பதால் கார்டில் எழுதவில்லை. கிரானைட் ஆட்கள் ஏசி போட்டுக்கொண்டே ஓட்டுவார்கள், வெயிலேறிய பிறகுதான் கிளம்புவார்கள். அதனால் ஆவித் தொல்லை என்று அவர்களில் யாரும் வரவில்லை. அந்த வண்டிகளில் ஒன்று ஒரு நாள் வேறு கைக்கு விற்கப்படும் என்று நான் யோசிக்கவில்லை. முப்பது வருட அனுபவம் என்று நெஞ்சை நிமிர்த்துகிறவனுக்கு இந்தச் சின்ன யோசனை வரவில்லை.

ஒன்பது வருடத்துக்கு முந்தைய குளிர் காலம். ஜெயந்தி சிஸ்டர் ஒரு பழைய சின்ன காரில் வந்தார். தொரப்பள்ளியில் வீடு, அஞ்செட்டியில் நர்ஸ் வேலை. அஞ்செட்டிக்கு பஸ் குறைவு, காலை டியூட்டிக்குப் போய்ச் சேருவது பெரும்பாடு. அதனால் சேமித்து வைத்ததைப் போட்டுப் பழைய காரை வாங்கி, ஓட்டக் கற்றுக்கொண்டு, கூட வேலை செய்கிற மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு போய் வந்தார். வீட்டில் ஒரே மகள், அப்போது ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தாள். கார் இருந்ததால் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அம்மா வீட்டில் இருக்க முடிந்தது.

"அண்ணா, தேன்கனிக்கோட்டை தாண்டுனா போதும், கண்ணாடி வெள்ளையா ஆயிடுது. வீட்டுக்காரரு, உனக்கு வண்டி ஓட்டத் தெரியலங்கறாரு. நான் என்ன தப்பு பண்றேன்னு சொல்லுங்க, திருத்திக்கறேன்."

ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். நான் என் பாடத்தை ஆரம்பித்தேன். வெளிக்காற்று, கண்ணாடிப் பக்கம் காற்று, ஏசி, மேட்டில் ஏசியை அணைத்தாலும் லீவரை மாற்றாதே. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

"லீவரைத் தள்றப்ப சத்தம் ஏதாவது மாறணுங்களா அண்ணா? எனக்கு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி கேக்குது."

எனக்குச் சுருக்கென்றது. அப்போதுதான் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தேன். பின்கண்ணாடியில் ஒரு கிரானைட் பட்டறையின் ஸ்டிக்கர், பாதி சுரண்டப்பட்டு மிச்சம் இருந்தது. இது நான் கட்டுப் போட்ட வண்டியாக இருக்கலாம். டேஷ்போர்டு பெட்டியைக் கழற்றினால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆனால் பத்தடி தள்ளி நாராயணப்பா சார் நின்றுகொண்டிருந்தார். பெட்டியைத் திறந்தால் அவர் வந்து எட்டிப் பார்ப்பார். ஸ்பாஞ்சையும் கட்டுக்கம்பியையும் பார்த்துவிட்டு, "ஏன்ப்பா, இப்படி ஏன் ஆச்சு?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்தேன்.

"பழைய வண்டியில சத்தம் அப்படித்தான் சிஸ்டர் இருக்கும். நான் சொன்னபடி செய்யுங்க, போதும்," என்றேன்.

சார் இல்லாத நேரத்தில் கூப்பிட்டுச் சரி செய்துவிடலாம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். மறுநாள் வேலை, அதற்கு மறுநாள் வேலை. கூப்பிடவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து அந்தக் கார் கிரேனில் தொங்கிக்கொண்டு வந்தது. முன்பக்கம் ஒரு புறம் நசுங்கியிருந்தது. விடிந்தும் விடியாத நேரத்தில், மலைப்பாதைத் திருப்பத்தில், தூறலில், பால் கேன்களோடு மொபெட்டில் வந்த மாதப்பன் என்பவரைச் சிஸ்டர் இடித்துவிட்டார். உயிருக்கு ஆபத்து இல்லை. தொடை எலும்பு முறிந்து, உள்ளே கம்பி வைத்தார்கள்.

இன்சூரன்ஸ் சர்வேயர் மதியம் வருவதாக இருந்தது. நாராயணப்பா சார் என்னைக் கூப்பிட்டார். "கண்ணாடியில ஆவி படிஞ்சு ஒண்ணும் தெரியலைன்னு சொல்லியிருக்காங்க. ப்ளோயர், லீவர் எல்லாம் நல்லா பாத்து கார்டுல எழுதுப்பா." சொல்லிவிட்டு அலுவலக அறைக்குப் போனார்.

டேஷ்போர்டு பெட்டியைக் கழற்றினேன். நீல ஸ்பாஞ்சு, என் கட்டுக்கம்பி. என் முடிச்சு எனக்குத் தெரியாதா? எப்போதும் இரண்டு சுற்று சுற்றி இடது பக்கம் முறுக்குவேன். லீவர் வெளிக்காற்றில் இருந்தது. அதையும் பார்த்தேன். நசுங்கின வண்டி கிரேனில் ஏறி இறங்கி வந்த பிறகும் லீவர் வெளிக்காற்றில்தான் இருந்தது.

அந்த இடத்தில் ஒரு நல்ல மனிதன் என்ன செய்திருப்பான் என்று எனக்கு அப்போதே தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். கட்டுக்கம்பியை வெட்டினேன். ஸ்பாஞ்சைப் பிய்த்து, பசையைச் சுரண்டி, எண்ணெய்த் துணிகள் போடுகிற டப்பாவில் அடியில் போட்டேன். லீவரின் கம்பியைக் கதவில் மாட்டினேன். வேறு பேட்டரியிலிருந்து கரண்ட் கொடுத்து ப்ளோயரை ஓடவிட்டுச் சாரைக் கூப்பிட்டேன். அவர் நசுங்கின கதவு வழியாகக் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு, லீவரைத் தள்ளச் சொல்லிக் காது கொடுத்துக் கேட்டார். சத்தம் மாறியது.

"சரியாத்தான் இருக்குது. பாவம், புதுசா ஓட்டறவங்க," என்றார். 'கோளாறு எதுவும் இல்லை' என்று நான் எழுதிய கார்டில் கையெழுத்துப் போட்டார். சர்வேயர் அதைப் பார்த்து எழுதிக்கொண்டு போனார். என் வார்த்தையை நம்பியே நாராயணப்பா சார் எத்தனையோ கார்டுகளில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஓய்வு பெற்று ஊருக்குப் போனவர் இரண்டு வருடத்தில் இறந்துபோனார். அவரிடம் கடைசி வரை சொல்லவில்லை.

சாயங்காலம் சிஸ்டர் கணவரோடு வந்தார். கணவர் குமரேசனுக்கு ஜூஜுவாடி பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. சிஸ்டரின் நெற்றியில் பிளாஸ்திரி. நேராக என்னிடம்தான் வந்தார்.

"அண்ணா, லீவர் வெளிக்காத்துலதாண்ணா இருந்துச்சு. மேடு ஏறுறப்ப ஏசியை அணைச்சேன். நீங்க சொன்னீங்களேன்னு லீவரைத் தொட்டுக்கூட பாத்துக்கிட்டேன். அப்புறமும் ஏன் அப்படி ஆச்சு? நிறுத்தலாம்னு ஓரங்கட்டறதுக்குள்ள..."

குமரேசன் என்னைப் பார்த்தார். அவருக்கு ஒரு பதில் வேண்டியிருந்தது. சர்வேயரின் தாள் மேஜை மேல் இருந்தது.

"பதட்டத்துல ஞாபகம் இருக்காது சிஸ்டர். லீவர் உள்காத்துலதான் இருந்திருக்கும். வண்டியை முழுசா பாத்துட்டோம், ஒரு கோளாறும் இல்ல. கண்ணாடியில ஆவி படியறது பெரும்பாலும் ஓட்டுறவங்க கவனக்குறைவுதான்."

"நான் சொன்னேனா இல்லையா?" என்றார் குமரேசன் அவரிடம். "உனக்கெல்லாம் எதுக்கு இந்த வேலை? ஒருத்தன் காலை ஒடச்சிட்டு வந்து நிக்கற."

சிஸ்டர் தன் வலது கையையே பார்த்துக்கொண்டு நின்றார். லீவரைத் தொட்டுப் பார்த்த கை. "அப்படிங்களா அண்ணா? நான்தான் மறந்துட்டேனா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஆமாங்க சிஸ்டர்," என்றேன்.

கேஸில் தப்பை ஒப்புக்கொண்டு சிஸ்டர் அபராதம் கட்டியதாகப் பிறகு கேள்விப்பட்டேன். கார் விற்கப்பட்டது. அவர் அதன் பிறகு ஸ்டீயரிங்கைத் தொடவில்லை.

நான் தூசிக் கட்டுப் போடுவதை அன்றோடு நிறுத்தினேன். கட்டுப் போட்ட வண்டிகள் சர்வீசுக்கு வரும்போது யாருக்கும் தெரியாமல் பிரித்துவிடுவேன். "மறுபடி தூசி வருதே" என்றால், ஸ்பாஞ்சு இற்றுப்போயிருக்கும் என்று சொல்லிச் சமாளிப்பேன். வராமலே போன வண்டிகள் எத்தனை, இன்று யார் கையில் இருக்கின்றன என்று எனக்குத் தெரியாது. கார்டில் எழுதாத வேலை அல்லவா? இதைப் படிக்கிற யாராவது பழைய சின்ன கார் வைத்திருந்தால், ப்ளோயரை முழு வேகத்தில் வைத்து லீவரைத் தள்ளிப் பாருங்கள். சத்தம் மாறாவிட்டால் தயவுசெய்து பெட்டியைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இதில் எனக்கு இன்னும் கூசுவது ஒன்று உண்டு. அந்த விபத்துக்குப் பிறகுதான் 'ஓட்டுபவரின் கவனக்குறைவு' என்ற பேச்சை நான் அதிகமாகப் பேசினேன். பயிற்சிக்கு வருகிறவர்கள் முன்னால் நின்று, மேஜையைத் தட்டித் தட்டிச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. 'ஆவி சிவராஜ்' என்ற பெயர் பரவியதும் அந்த வருடங்களில்தான்.

நோட்டீஸ் தாளைக் கிழித்த மறு ஞாயிற்றுக்கிழமை தொரப்பள்ளிக்குப் போனேன். வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. சிஸ்டர் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது.

"ஏசி அண்ணாதானுங்களே? உள்ள வாங்க."

உள்ளே போனால் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரியும். கேட் அருகிலேயே நின்றபடி சொல்லிவிட்டேன். தூசிக் கட்டு, ஸ்பாஞ்சு, கம்பி, டப்பா, கார்டு. வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த மன்னிப்பு வார்த்தைகள் ஒன்றும் வாயில் வரவில்லை.

கையில் இருந்த ஈரத் துணியை அவர் பிழியவும் இல்லை, கொடியில் போடவும் இல்லை.

"அப்ப லீவர் வெளிக்காத்துலதான் இருந்துச்சு?"

"இருந்துச்சு சிஸ்டர். நான் கண்ணால பாத்தேன்."

"நான் வந்து உங்களைக் கேட்டப்ப, உங்களுக்குத் தெரியும்?"

"தெரியும்."

"மாதப்பன்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்லீங்க."

"போய்ச் சொல்லுங்க. நான் மாசம் ஒருக்கா அவரு வீட்டுக்குப் போறேன். அவரு நொண்டி நடந்து வந்து எனக்கு நாற்காலி எடுத்துப் போடுவாரு. அதை உக்காந்து பாத்துக்கிட்டு இருப்பேன்." துணியை வாளியில் போட்டார். "கார் போனதும் பஸ்ல அலைய முடியலீங்க. அஞ்செட்டியிலயே ரூம் எடுத்துக்கிட்டேன். வாரத்துக்கு ஒரு நாள்தான் வீடு. பொண்ணு பக்கத்து வீட்டுலதான் வளந்தா. அவ பெரியவளானப்பகூட நான் இங்க இல்ல. போன்லதான் சொன்னாங்க."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அழுதால் அவர் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டி வந்துவிடும் என்று பயந்து அழுகையை அடக்கிக்கொண்டேன்.

"உள்ள வாங்கண்ணா. இதை அவர்கிட்ட சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டாரு."

குமரேசன் டிவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். என்னை உட்காரச் சொல்லிச் சத்தத்தைக் குறைத்தார். மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். சிஸ்டர் கதவருகே நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் குமரேசன் மோவாயைத் தடவினார். அடிப்பார் என்றுதான் எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அட, விடுங்க சார்," என்றார். "நீங்க என்ன, வேணும்னேவா பண்ணீங்க? வேலைன்னா ஆயிரம் இருக்கும். நானும் கம்பெனியில மெஷின்ல நிக்கறவன்தானே. நான் தப்பே பண்ணாமயா இருந்துட்டேன்? யாரு உசுரும் போகல. இத்தனை வருஷம் கழிச்சு வீடு தேடி வந்து சொல்றீங்களே, அதுக்கே ஒரு மனசு வேணும். மனசுல வச்சுக்காதீங்க." பிறகு கதவுப் பக்கம் திரும்பி, "ஜெயந்தி, சாருக்குக் காப்பி கொண்டா," என்றார்.

அந்த ஒரு நிமிடம் எனக்கு உடம்பு லேசானது போல இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், இருந்தது. தலையை நிமிர்த்தினேன். சிஸ்டரின் முகம் தெரிந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை, கணவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப இவர்கிட்ட சொன்னீங்களே," என்றார் குமரேசனிடம். "இந்த ஒன்பது வருஷத்துல, இதுல ஒரு வார்த்தையாவது என்கிட்ட சொல்லியிருக்கீங்களா?"

குமரேசன் ரிமோட்டைக் கையில் எடுத்தார். எதையும் அழுத்தாமல் கீழே வைத்தார். அவர் வருடக்கணக்காகத் தன் மனைவிக்குக் கொடுக்காததை எனக்கு ஒரு ஓவர் முடிவதற்குள் கொடுத்துவிட்டார். அதை வாங்கிக்கொண்டு எழுந்து போகவும் முடியாமல், திருப்பிக் கொடுக்கவும் வழி தெரியாமல், நான் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்.